வெட்டிய விலைக்கு ஒரு திகதி

தலைவர், உறுப்பினர்கள்,
நுகர்வோர் விவகார அதிகாரசபை,
வொக்ஷோல் வீதி, கொழும்பு 2.

மதிப்புக்குரியவர்களே,

என் வீட்டில் இப்போது இரண்டு கரண்ட் கேத்தில்கள் இருக்கின்றன. ஒன்று குசினியில், காலை ஐந்தரைக்குக் கொதிக்கத் தொடங்குவது. மற்றது பெட்டி உடைக்காமல் அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அந்த இரண்டாவதைப் பற்றியும், அதன் விலைத்துண்டில் வெட்டியிருந்த பழைய விலையைப் பற்றியும்தான் இந்த மடல்.

போன மாதம் ஒரு அலுவலாகக் கொள்ளுப்பிட்டிப் பக்கம் போனேன். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க இடம் தேடி ஒரு கடைக்குள் நுழைந்தேன். வாசலிலேயே மேசை போட்டுக் கேத்தில்களை அடுக்கி வைத்திருந்தார்கள். விலைத்துண்டில் 7,990 என்று ஒரு எண், அதன்மேல் சிவப்புக் கோடு, கீழே பெரிய எழுத்தில் 4,990. கேத்தில் வாங்கும் எண்ணம் எனக்குத் துளியும் இருக்கவில்லை. ஆனால் மழை விட்டபோது என் கையில் ஒரு கேத்தில் இருந்தது.

100ஆம் இலக்க பஸ்சில் சீட் கிடைத்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, வேலையில்லாத நகம் செய்கிற வேலையாக அதில் ஒட்டியிருந்த அந்த விலை ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுரண்டினேன். உரிந்து வந்தது. அதற்குக் கீழே இன்னொரு ஸ்டிக்கர், கொஞ்சம் மஞ்சளித்துப் போய். அதில் 4,750 என்று இருந்தது. கழிவு போக, 240 ரூபா கூடக் கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மனைவி பெட்டியைப் பார்த்தாள்.

"இஞ்சருங்கோ, கேத்தில் பழுதாப் போச்சுதோ?"

"இல்லை."

"அப்ப ஏன் இது?"

"மூவாயிரம் மிச்சம்."

"எங்க, அந்த மூவாயிரத்தைத் தாங்கோ பாப்பம்."

முப்பது வருடமாகக் கணக்குப் புத்தகத்தோடு சீவிக்கிறவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மிச்சம் என்றால் செலவு போகக் கையில் நிற்கிற காசு. 4,990 ரூபாவைக் கொடுத்துவிட்டு மூவாயிரம் மிச்சம் என்று ஒருவன் சொல்கிறான் என்றால், அவன் வாயில் அந்தச் சொல்லை வேறு யாரோ வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் கடைக்குத் திரும்பிப் போனேன். சண்டை பிடிக்க அல்ல, அறிந்துகொள்ள. நின்ற பையன் மரியாதையான பிள்ளை. "ஐயா, 2022இல இது 7,990க்குத்தான் போனது. பொய் சொல்லேல்லை. பிறகு டொலர் இறங்க விலையும் இறங்கினது" என்றான். அவன் சொன்னது உண்மையாக இருக்கக்கூடும். 7,990 உண்மை, 4,750 உண்மை, 4,990உம் உண்மை. மூன்று உண்மைகளைச் சேர்த்து ஒரு பொய்யைக் கட்டியிருக்கிறார்கள். அதில் எந்த உண்மையையும் பிடித்துக்கொண்டு நான் உங்களிடம் வர முடியாது.

உங்கள் 1977 முறைப்பாட்டு இலக்கத்தை அழுத்தி என்ன சொல்வேன்? பெட்டியில் அச்சிட்ட உச்ச சில்லறை விலைக்கு மேல் எடுத்தார்களா? இல்லை. பில் தந்தார்களா? தந்தார்கள். கேத்தில் வேலை செய்கிறதா? பெட்டியையே திறக்கவில்லை. இதற்கு முறைப்பாடு சொன்னால், அதை எழுதுகிற உங்கள் அலுவலர் என்னை நினைத்துச் சிரிப்பார். சிரித்தாலும் பிழை சொல்ல மாட்டேன்.

இனி நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சிவப்புக் கோட்டோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு.

1995இல் புறக்கோட்டையில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நின்றேன். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த புதிது. என் கையெழுத்து வடிவு என்று முதலாளி கண்டுபிடித்ததால் துணிமூட்டை தூக்குகிற வேலையில் இருந்து தப்பி விலைத்துண்டு எழுத உட்கார்ந்தேன். தீபாவளிக்கு மூன்று கிழமை இருக்கும்போது அவர் ஒரு பெட்டி சேட்டைக் கொண்டுவந்து வைத்தார். அந்தச் சேட் வருடம் முழுக்க 295 ரூபாவுக்கு விற்றது.

"தம்பி, பழைய விலையைக் கொஞ்சம் கொழுக்கப் போடும்" என்றார்.

475 என்று எழுதச் சொன்னார். நீலப் பேனையால் எழுதி, மை காய்ந்த பிறகு சிவப்பால் வெட்ட வேண்டும். ஈரத்தில் வெட்டினால் இரண்டு மையும் கலந்து, இரண்டையும் ஒரே நாளில் எழுதினது தெரிந்துவிடும். 325ஐ வேறு பேனையால், தடித்த எழுத்தில் எழுத வேண்டும். பிறகு துண்டுகளை ஒரு கட்டாக உள்ளங்கைக்குள் வைத்துக் கசக்கி, பெருவிரலால் தேய்க்க வேண்டும். பழைய விலை பழசாகத் தெரிய வேண்டாமா? அதற்குத்தான். முப்பது ரூபாவை ஏற்றிவிட்டு, நூற்றைம்பது இறக்கினதாகக் காட்டினோம். ஒரு பின்னேரத்தில் இருநூறு துண்டு எழுதினேன். வேலை சுத்தம் என்று முதலாளி எனக்கு ஒரு பிளேன்ரீ வரவழைத்துத் தந்தார்.

அந்தக் கிழமையில் வந்த ஒரு பையனை இன்றைக்கும் மறக்கவில்லை. அட்டன் பக்கம். ஆமர் வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருப்பான். சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து அதில் பட்டியல் எழுதிக்கொண்டு வந்திருந்தான்: அப்பாவுக்கு ஒரு சேட், தம்பிக்கு ஒரு சேட். தனக்கென்று ஒன்றும் எழுதவில்லை. விலைத்துண்டைக் கையில் பிடித்து, விரல் விட்டு எண்ணினான்.

"ஒண்ணுக்கு நூத்தம்பது மிச்சம், ரெண்டுக்கு முந்நூறு. அந்த முந்நூறோட இருபத்தஞ்சு போட்டா எனக்கும் ஒண்ணு எடுக்கலாம்ல அண்ணே?"

கணக்கு பிசகில்லை. ஆனால் அந்த முந்நூறு என்ற காசு உலகத்தில் எங்கும் இருக்கவில்லை. அதை நீலப் பேனையால் நான்தான் பிறப்பித்தேன். வழமையான விலைக்கு இரண்டு சேட் எடுத்திருந்தால் 590 ரூபாவோடு போயிருப்பான். 975 கொடுத்தான். கொடுக்க முதல் ஒரு தரம் தயங்கி, "நாளைக்கு வந்தா இருக்குமாண்ணே?" என்று கேட்டான்.

"இண்டைக்கு மட்டும்தான் தம்பி."

நத்தார் வரைக்கும் அந்தச் சேட்டுகள் அதே துண்டோடு தொங்கின.

இதை எழுதுவது பாவமன்னிப்புக் கேட்க அல்ல. கேத்திலை மடியில் வைத்துக்கொண்டு பஸ்சில் இருந்தபோது, எனக்குள் அந்தப் பையன் அதே கணக்கைப் போட்டான். வித்தை தெரிந்தவனும் விழுகிறான் என்றால், விழிப்பாக இருங்கள் என்று நுகர்வோருக்குப் புத்தி சொல்லும் விளம்பரங்களால் மட்டும் இது தீராது.

மனித மூளை எண்ணைக் கண்டால் என்ன செய்யும் என்பதை 1974இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் காட்டினார்கள். ஆட்களின் முன்னால் ஒரு சக்கரத்தைச் சுழற்றினார்கள். அது 10இல் அல்லது 65இல் மட்டும் நிற்கும்படி முன்கூட்டியே செய்திருந்தார்கள். பிறகு, ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்டார்கள். சக்கரத்துக்கும் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இருந்தும் 10ஐக் கண்டவர்களின் பதில் நடுவாக 25 வீதம், 65ஐக் கண்டவர்களின் பதில் 45 வீதம். விலைத்துண்டில் வெட்டிய எண் அந்தச் சக்கரம்தான். எங்கள் கடைகளில் அது 10இல் நிற்பதே இல்லை என்பதுதான் வித்தியாசம்.

அதே இருவர் 1981இல் இன்னொன்றைக் கேட்டார்கள். 15 டொலர் கணிப்பானில் 5 டொலர் குறைகிறது என்றால் இருபது நிமிடம் வாகனம் ஓட்டி வேறு கடைக்குப் போவீர்களா? 68 வீதமானவர்கள் போவோம் என்றார்கள். 125 டொலர் கணிப்பானில் அதே 5 டொலர் குறைந்தால்? 29 வீதம்தான். ஐந்து டொலர் ஐந்து டொலர்தானே. ஆனால் நாங்கள் காசை எண்ணுவதில்லை, வீதத்தை எண்ணுகிறோம். வெள்ளவத்தையைவிட ஒரு குடைக்கு இருநூறு ரூபா குறையும் என்று ஓட்டோ பிடித்துப் புறக்கோட்டைக்குப் போகிற என் மைத்துனர், வோஷிங் மெஷின் வாங்கும்போது ஆயிரத்தைக் கேட்கவே வெட்கப்படுவார். பிறகு ரிச்சர்ட் தேலர் என்ற பொருளியலாளர் இதற்குப் பெயரும் வைத்தார்: பொருள் தருகிற திருப்தி ஒன்று, பேரம் தருகிற திருப்தி இன்னொன்று. இந்த மாதிரி வேலைகளுக்காக அவருக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. அலுமாரிக்கு மேலே இருக்கிற என் கேத்தில் முழுக்க முழுக்க இரண்டாவது வகை. பொருளே திறக்கப்படவில்லை, திருப்தி மட்டும் பஸ்சில் பம்பலப்பிட்டி வரை நீடித்தது.

இதெல்லாம் உலகம் முழுக்க உள்ளதுதானே, கொழும்புக்கு என்ன விசேஷம் என்று நீங்கள் கேட்கலாம். விசேஷம் உண்டு.

என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆனால் விலைகள் எல்லாம் தலைக்குள் இருந்தன. சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், சவர்க்காரம், எந்தக் கடையில் எந்த மாதம் என்ன விலை என்று சொல்லுவா. கடைக்காரர் ஒரு விலை சொன்னால் அம்மா துண்டைப் பார்க்க மாட்டா, அவர் முகத்தைப் பார்ப்பா. "மாசி மாசம் என்ன விலைக்குத் தந்தனீர்?" என்பா. அந்த ஞாபகத்துக்கு முன்னால் எந்தச் சிவப்புக் கோடும் நிற்காது.

2022 எங்களிடம் இருந்து அந்த ஞாபகத்தைப் பறித்துவிட்டது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய வருடத்தைவிட 69.8 வீதம் ஏறி நின்றது. காலையில் ஒரு விலை, பின்னேரம் ஒரு விலை. பிறகு ரூபா கொஞ்சம் தேறி, டொலர் 300ஐ அண்டி வந்தது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. ஏறின சாமான்களில் சில இறங்கின, சில இறங்கவில்லை, சில பாதி தூரம் இறங்கி நின்றுவிட்டன. இப்போது ஒரு கேத்தில் என்ன விலை இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. என் மனைவிக்கும் தெரியாது. கடைக்காரருக்கு மட்டும் தெரியும். எங்கள் தலைக்குள் வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தில் அவர் 7,990 என்று எழுதி, எங்கள் கண்முன்னாலேயே வெட்டிக் காட்டுகிறார்.

கையின் பழக்கமும் ஒன்று உண்டு. 2022இல் காஸ், பால்மா, மண்ணெண்ணெய் என்று வரிசையில் நின்ற சனம், எது "இருக்கு" என்று கேள்விப்பட்டாலும் எடுத்து வைத்தது. இன்றைக்கு வேண்டுமா என்று யோசிக்க நேரம் இல்லை, நாளைக்கு இருக்காது. அந்தக் கை இன்னும் மறக்கவில்லை. 50 வீதம் என்ற போர்டைக் கண்டாலும் அதே கைதான் நீள்கிறது. அப்போது எடுத்து வைத்தது குடும்பத்தைக் காப்பாற்றியது. இப்போது எடுத்து வைப்பது அலுமாரியை நிரப்புகிறது. எங்கள் தொடர்மாடியில் ஒரு வீட்டில் ஷம்பூ போத்தல் பதினொன்று இருக்கிறது. அந்த வீட்டில் இருப்பது மூன்று பேர், அதில் ஒருவருக்குத் தலையில் மயிரே இல்லை.

இந்த விலைக்குறைப்பைக் குறிக்கத் தமிழில் எங்கள் நாட்டில் புழங்குகிற சொல்லும் ஒரு குசும்புதான். தமிழ்நாட்டில் தள்ளுபடி என்பார்கள், நாங்கள் விலைக்கழிவு என்கிறோம். சம்பளத்தில் இருந்து பிடிப்பதும் கழிவுதான், மாநகரசபை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போவதும் கழிவுதான். கடைசியில் பல சாமான்கள் போய்ச் சேர்வது அந்த வண்டியில்தான் என்பதால் நான் இந்தச் சொல்லை மாற்றச் சொல்ல மாட்டேன்.

வங்கிக் காட் ஓஃபர்கள் தனிக் கதை, அதற்கு மத்திய வங்கிக்குத்தான் எழுத வேண்டும். ஒன்று மட்டும்: 20 வீதக் கழிவுக்காகக் காட்டைத் தேய்த்து, முழுத்தொகையையும் கட்டாமல் மாதாமாதம் குறைந்தபட்சத் தொகையைக் கட்டிக்கொண்டு போனால், அந்தக் கழிவு கொஞ்சம் கொஞ்சமாக வட்டியாகத் திரும்பி வங்கிக்கே போய்விடும். 2022இல் சில காட்களுக்கு வருட வட்டி 36 வீதம் வரை போனதை மறக்கவில்லை.

எல்லாக் கழிவையும் நான் பழிக்கவில்லை. சுப்பர்மார்க்கட்டில் எனக்குப் பிடித்த மூலை ஒன்று உண்டு: நாள் முடியப் போகிற யோகட்டை விலை குறைத்து வைத்திருக்கும் தட்டு. ஏன் மலிவு என்று யோகட் கப்பிலேயே அச்சடித்திருக்கிறது. நாளை மறுநாள் திகதி முடிகிறது, கடைக்காரருக்கு விற்க வேண்டும், எனக்கு இரவுக்குத் தின்ன வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே திகதி தெரியும். அதேபோல் புறக்கோட்டை நடைபாதையில் 1,500 சொல்லுகிற செருப்பை நான் 600க்குக் கேட்டு, 850க்கு முடிப்பதிலும் வஞ்சகம் இல்லை. அவர் சொன்ன 1,500 விலை அல்ல, விளையாட்டின் முதல் பந்து என்பது இருவருக்கும் தெரியும். விலைத்துண்டு அப்படி இல்லை. அது பேரம் பேசாது. சாட்சி சொல்வது போல நின்று, "நான் நேற்றுவரை 7,990" என்கிறது. சாட்சி சொல்வதென்றால் நாள் சொல்ல வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இதைச் சட்டமாக்கினார்கள். 2022 மே 28இல் இருந்து, விலையைக் குறைத்தோம் என்று அறிவிக்கிற கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் அந்தப் பொருளை விற்ற ஆகக் குறைந்த விலையைக் காட்ட வேண்டும். அங்கேயும் முதலில் வித்தை காட்டத்தான் பார்த்தார்கள். ஜேர்மனியில் ஆல்டி சூட் என்ற சுப்பர்மார்க்கட் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்றில் வாழைப்பழம் 1.29 யூரோ, 23 வீதம் குறைவு என்று இருந்தது. 23 வீதம் எதிலிருந்து? கடைசியாக விற்ற 1.69இல் இருந்து. 30 நாட்களின் ஆகக் குறைந்த விலை என்ன என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்: 1.29. அதாவது விலை ஒரு சதமும் குறையவில்லை. சட்டம் கேட்டதை அச்சடித்துவிட்டோம்தானே என்பது நிறுவனத்தின் வாதம். நுகர்வோர் அமைப்பொன்று வழக்குப் போட்டது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024 செப்டெம்பர் 26இல் தீர்ப்புச் சொன்னது: அந்த எண்ணை மூலையில் எழுதிவிட்டால் போதாது, வீதத்தையே அந்த எண்ணில் இருந்துதான் கணக்கிட வேண்டும். வாழைப்பழத்துக்காக ஒரு கண்டமே நீதிமன்றம் ஏறியதைப் படித்தபோது, கேத்திலோடு கடைக்குத் திரும்பிப் போனதற்காக நான் பட்ட வெட்கம் கொஞ்சம் குறைந்தது.

இதை ஏன் வியாபாரிகளின் மனச்சாட்சிக்கு விட முடியாது என்று கேட்டால், அதற்கும் கதை இருக்கிறது. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை 2012இல் கூப்பன், பொய்யான பழைய விலை எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, முதல் நாளில் இருந்தே நியாயமான விலையை எழுதியது. அதைச் செய்தவர் ஆப்பிள் கடைகளை வெற்றிகரமாக நடத்திவிட்டு வந்த ரொன் ஜோன்சன். அந்த நிதியாண்டில் விற்பனை ஏறக்குறைய கால்வாசி விழுந்தது. 2013 ஏப்ரலில் அவரை அனுப்பிவிட்டார்கள், கூப்பன் திரும்பி வந்தது. பக்கத்துக் கடையில் எண்ணை வெட்டிக் காட்டுகிறார்கள், இங்கே வெட்டவில்லை என்றால் சனம் வெட்டிய பக்கம்தான் போகும். என் பழைய முதலாளியைக்கூட நான் முழுதாகக் குற்றம் சொல்ல மாட்டேன். எதிர்க் கடை 500ஐ வெட்டி 350 போட்டிருந்தது. அவர் 295 என்று உண்மையை எழுதியிருந்தால் சேட்டில் ஏதோ பழுது என்றுதான் நினைத்திருப்பார்கள். ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்து கடையை மூட முடியாது. எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே விதி வந்தால்தான் நல்லவன் பிழைப்பான். அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

உங்களுக்குப் புதிதாக அதிகாரமும் தேவையில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களில் விலை குறிப்பது பற்றி வியாபாரிகளுக்குப் பணிப்புரை விடுக்க உங்களுக்கு இடம் தருகிறது. 30ஆம் பிரிவு நுகர்வோரை ஏமாற்றும் நடத்தையையே தடுக்கிறது. உச்ச விலைக்கு மேல் விற்றால் தனியாளுக்கு ஒரு இலட்சத்தில் இருந்து ஐந்து இலட்சம் வரை, கம்பனிக்கு ஐந்து இலட்சத்தில் இருந்து ஐம்பது இலட்சம் வரை தண்டம் என்று 2021இல் சட்டம் திருத்தப்பட்டது. அரிசிக் கடைக்காரர் அதற்குப் பயப்படுகிறார், நல்லது. ஆனால் உங்கள் கண் முழுக்க விலையின் கூரையில் இருக்கிறது. கூரையைத் தாண்டாமல், கூரைக்குக் கீழே ஒரு பொய்க் கூரையை வரைந்து, அதை வெட்டிக் காட்டுகிறவரை எந்தப் பரிசோதகர் பிடிப்பார்?

நான் கேட்பது ஒரு வரி. எந்தக் கடையாவது ஒரு விலையை வெட்டிக் காட்டினால், அல்லது இத்தனை வீதம் கழிவு என்று போட்டால், கடந்த 30 நாட்களில் அந்தக் கடையில் அந்தச் சாமான் விற்ற ஆகக் குறைந்த விலையையும் அது எந்தத் திகதி என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். வீதத்தை அதில் இருந்துதான் எண்ண வேண்டும். மூன்று மொழியிலும், வெட்டிய எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக. போனில் விற்கிற கடைகளுக்கும் இதே விதி. அவர்களுக்கு இது இன்னும் இலகு, பழைய விலையெல்லாம் கணினியிலேயே கிடக்கிறது. நடைபாதை வியாபாரிகளையும் பேரம் பேசுகிற சின்னக் கடைகளையும் விட்டுவிடுங்கள். நாள் முடிகிற யோகட்டையும் விட்டுவிடுங்கள்.

இப்படி விதி வந்தால் கடைக்காரர் முப்பது நாள் விலையை ஏற்றி வைத்துவிட்டுப் பிறகு வெட்டுவார் என்று என் மைத்துனர் (குடைக்காரர்தான்) சொல்கிறார். வெட்டட்டும். முப்பது நாள் 7,990க்குக் கேத்தில் விற்றுப் பார்க்கட்டும். அந்த முப்பது நாளும் நான் பக்கத்துக் கடையில் 4,750க்கு வாங்கிக்கொள்வேன்.

இதை நீங்கள் ஏப்ரலுக்கு முன்னால் செய்ய வேண்டும் என்றும் கேட்கிறேன். தமிழ்நாட்டில் ஆடியில் நல்ல காரியம் செய்ய மாட்டார்கள், புடைவை விற்காது, அதனால் ஆடிக் கழிவு. அங்கே விலை விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் கொழும்பில் ஆடி என்றால் வேல் விழா. இங்கே பெரிய மலிவு விற்பனை சித்திரைப் புத்தாண்டுக்கும் நத்தாருக்கும்தான் வருகிறது. சனம் எப்படியும் வாங்கப் போகிற காலம், போனஸ் கைக்கு வருகிற காலம், தோட்டத்துப் பிள்ளைகள் கொழும்பில் இருந்து ஊருக்குச் சாமான் கட்டுகிற காலம். தேவை ஆக அதிகமான நேரத்தில் ஒருவர் தானாக விலையை இறக்குகிறார் என்றால், அது எங்கே இருந்து இறங்குகிறது என்று கேட்கத் தோன்றாதா?

கேத்திலைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கழிவில் வாங்கினதைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்று பில்லின் அடியில் அச்சடித்திருந்தது. அந்த எழுத்து மட்டும் தெளிவாகத்தான் இருந்தது.

அந்த இரண்டு ஸ்டிக்கரையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒட்டி இத்துடன் அனுப்புகிறேன். மேலே இருந்ததில் 7,990இன் கடைசிப் பூச்சியம் கிழிந்துபோயிருக்கும். பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் பிரேக் போட்டபோது நடந்தது.

இப்படிக்கு,
ஒருகாலம் புறக்கோட்டையில் விலைத்துண்டு எழுதியவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.